மூட்டுத் தேய்வு நோயும் மக்களின் மரபுவழியும்

முதுமையில் மனிதனின் நடமாட்டத்தைக் குறைக்கும் நோய்களுள் மூட்டுத் தேய்வு நோய் முதன்மையானது. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 59.5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவில் 1990-இல் சுமார் 2.35 கோடியாக இருந்த நோயாளிகளின் தொகை, 2019-இல் 6.2 கோடியைத் தாண்டிவிட்டது. மக்களின் ஆயுள் நீண்டிருப்பதும், உடற்பருமன் பெருகியிருப்பதும் இவ்வுயர்வுக்கு முக்கியக் காரணங்களாகும்.

கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரிடமும், பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியரிடமும் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “என் தாயார் முழங்கால் வலியால் பல ஆண்டுகள் துன்புற்றார், எனக்கும் அது வருமா?” என்பதே அது. “அது குடும்பத்தோடு வருவது, தடுக்க இயலாது” என்று சிலர் விடை கூறுகின்றனர். “வயதானால் யாவருக்கும் வருவதே; பரம்பரைக்கும் அதற்கும் தொடர்பில்லை” என்பர் வேறு சிலர். இவ்விரு விடைகளும் முழு உண்மையல்ல. பரம்பரைக்கு இந்நோயில் பங்குண்டு. அப்பங்கு எத்தகையது என்பதும் சென்ற சில ஆண்டுகளில் பெருமளவு தெளிவாகியுள்ளது. ஆயினும், இவ்வறிவின் பெரும்பகுதி ஐரோப்பிய மரபுவழி மக்களை ஆராய்ந்து பெறப்பட்டது. அது பிற மக்களுக்கு, குறிப்பாக நம் நாட்டு மக்களுக்கு, எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

நோயின் இயல்பு

இரண்டு எலும்புகள் கூடும் மூட்டில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. எலும்புகள் உராயாமல் அசைவதற்கும், உடலின் சுமை ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்கும் இக்குருத்தெலும்பே துணை செய்கின்றது. நோய் தோன்றும்போது இது மெலிந்து வெடிப்புறுகின்றது. அடியிலுள்ள எலும்பு தடிக்கின்றது. மூட்டின் ஓரங்களில் முட்கள் போன்ற எலும்பு வளர்ச்சிகள் உண்டாகின்றன. மூட்டைச் சூழ்ந்த சவ்வும் அழற்சியுறுகின்றது. முழங்கால், இடுப்பு, கைவிரல், முதுகெலும்பு ஆகியவற்றின் மூட்டுகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகும் முடக்குவாதம் வேறு, இந்நோய் வேறு.

தேய்வு என்ற சொல்லைக் கொண்டு, வண்டிச் சக்கரம் தேய்வது போல இதுவும் வெறும் உழைப்பினால் நேர்வது என எண்ணிவிடலாகாது. குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அதிலுள்ள உயிரணுக்கள் சிதைந்த பகுதியை ஓரளவு புதுப்பிக்கவும் செய்கின்றன. சிதைவுக்கும் புதுப்பிப்பிற்கும் உள்ள சமநிலை குலைவதே நோயின் தொடக்கம். இச்சமநிலையை ஆளும் புரதங்களை ஆக்கும் விதிகள் மரபணுக்களில் அடங்கியிருப்பதால், பரம்பரையின் செல்வாக்கு இங்கு நுழைகின்றது.

பரம்பரையின் பங்கு எவ்வாறு அறியப்பட்டது?

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஸ்டெக்கர் 1941-இல் கைவிரல்களின் நுனி மூட்டுகளில் தோன்றும் ‘ஹெபர்டன் கணுக்கள்’ என்னும் முடிச்சுகளை ஆராய்ந்தார். இக்கணுக்கள் உள்ள பெண்களின் தாய்மாரிடம் இவை ஏனையோரைவிட இரு மடங்கும், சகோதரிகளிடம் மூன்று மடங்கும் மிகுதியாகக் காணப்பட்டன. ஆனால் ஒரே குடும்பத்தார் மரபணுக்களை மட்டுமன்றி உணவையும், தொழிலையும், வீட்டையும் பகிர்ந்து கொள்கின்றனர். ஆகவே, குடும்பத்தில் நோய் கூடி நிற்பது ஒன்றைக் கொண்டே அது பரம்பரையால் வந்தது எனத் துணிய இயலாது.

இவ்வையத்தைத் தீர்க்க இரட்டையர் ஆய்வு உதவிற்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் முற்றும் ஒன்று; இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையர் ஏனைய உடன்பிறந்தாரைப் போலப் பாதியளவே ஒத்திருப்பர். இங்கிலாந்தில் டிம் ஸ்பெக்டரும் அவருடைய தோழர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 45 முதல் 70 வயது வரையுள்ள 130 ஒருகரு இரட்டைப் பெண்களும், 120 இருகரு இரட்டைப் பெண்களும் ஒப்பிடப்பட்டனர். கை, முழங்கால் ஆகியவற்றில் தோன்றும் நோயில் பரம்பரையின் பங்கு 39 முதல் 65 சதவீதம் வரை என அதில் கணக்கிடப்பட்டது.

இவ்வெண்ணைப் பொருள் கொள்வதில் பிழை நேர்வது எளிது. ஒருவருடைய நோயில் பாதி பரம்பரையால் வந்தது, பாதி சூழலால் வந்தது என்பது இதன் பொருளன்று. ஒரு மக்கட் கூட்டத்தினுள் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பகுதி மரபணு வேறுபாட்டால் விளக்கப்படுகின்றது என்பதையே இது காட்டும். வகுப்பில் இதனை விளக்க ஆசிரியர் ஓர் உவமையைக் கையாளலாம். சமமாக நீரும் எருவும் பெற்ற ஒரே வயலில் இரு வகை நெல்லைக் கலந்து விதைத்தால், பயிரின் உயர வேறுபாடு பெரும்பாலும் விதையினாலேயே ஏற்படும். அதே விதைகளை மேட்டிலும் பள்ளத்திலுமாக விதைத்தால் நீரின் பங்கு மிகுந்து, விதையின் பங்கு சதவீதக் கணக்கில் குறைந்துவிடும். விதை மாறவில்லை, நிலமே மாறிற்று. ஆதலால் ஒரு நாட்டில் கணித்த பரம்பரைச் சதவீதத்தை மற்றொரு நாட்டிற்கு அப்படியே பெயர்த்துக்கொள்ளுதல் முறையன்று.

ஒரு மரபணுவின் வரலாறு

இந்நோயுடன் தொடர்புடையவையாக முதலில் உறுதிப்பட்டவற்றுள் ஒன்று, 20-ஆம் குரோமோசோமில் உள்ள ஜி.டி.எஃப்-5 என்னும் மரபணு. கரு வளரும்போது மூட்டுகள் எங்கு, எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வகுப்பதிலும், பின்னர் குருத்தெலும்பைப் பேணுவதிலும் இதன் புரதம் பங்கு கொள்கின்றது. இம்மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஓரிடத்தில் சிலருக்கு ஓர் எழுத்தும், வேறு சிலருக்கு மற்றோர் எழுத்தும் அமைந்துள்ளன. இடர் தரும் மாற்றுரு புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கின்றது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் இதனை இடுப்பு மூட்டு நோயாளிகளிடம் கண்டறிந்தனர். முழங்கால் நோயிலும் இத்தொடர்பு ஜப்பானியரிடமும் சீனரிடமும் உறுதிப்பட்டது. ஜப்பானியரின் இடுப்பு நோயில் இதன் வாய்ப்பு விகிதம் 1.79. ஐரோப்பியரிடம் அதே மாற்றுரு காணப்பட்டபோதிலும், அதன் விளைவு மிகச் சிறிதாகவே இருந்தது.

ஒரே எழுத்து ஓரிடத்தில் வலுவாகவும் மற்றோரிடத்தில் மெலிவாகவும் செயற்படுவானேன்? ஜப்பானில் இடுப்பு மூட்டு நோய் பெரும்பாலும், பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் ஆழங்குறைந்து அமைந்தவர்களிடம் தோன்றுகின்றது. மூட்டின் வடிவத்தை வகுக்கும் ஒரு மரபணு அங்கு மிகுந்த செல்வாக்குப் பெறுவது இயல்பேயாகும். ஐரோப்பாவில் இடுப்பு நோய்க்கு வழிகள் வேறு. இருவிடத்தும் நோயின் பெயர் ஒன்றாயினும், நோய் தோன்றும் வழி ஒன்றல்ல.

இம்மரபணுவைப் பற்றிய மற்றொரு செய்தியும் குறிப்பிடத் தக்கது. இதனை இயக்கும் ஒரு பகுதியில் அமைந்த வேறொரு மாற்றம் எலும்பின் நீள வளர்ச்சியைச் சிறிது குறைத்து, மூட்டு நோயின் இடரைச் சிறிது உயர்த்துகின்றது என 2017-இல் அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் அரிதாகவுள்ள இம்மாற்றம் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மிகப் பரவலாக உள்ளது. பண்டைக்கால மக்கள் குளிர்ப் பிரதேசங்களுக்குக் குடிபெயர்ந்தபோது குறுகிய உடலமைப்பு அவர்களுக்கு நன்மை தந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. இனப்பெருக்கக் காலம் கழிந்த பின்னரே மூட்டு நோய் தோன்றுவதால், இயற்கைத் தேர்வு அதனைக் களையவில்லை.

ஓரிடத்திற் கண்டது வேறிடத்திற் காணாமை

அஸ்போரின் என்னும் மரபணுவின் வரலாறு இன்னும் கூரிய பாடத்தைத் தருகின்றது. இதன் புரதத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் தொடர்ச்சியாகப் பல முறை வருகின்றது. பெரும்பாலோருக்கு 13 முறை, சிலருக்கு 14 முறை. 14 முறை வரும் வடிவம் குருத்தெலும்பை ஆக்குவிக்கும் வளர்ச்சிக் காரணியை மிகுதியாகத் தடுக்கின்றது. முழங்கால் நோயுள்ள ஜப்பானியரிடம் இவ்வடிவம் அதிகம் என 2005-இல் அறிவிக்கப்பட்டது; பின்னர்ச் சீனரிடமும் இதற்கு ஆதரவு கிடைத்தது. ஆனால் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் நடந்த ஆய்வுகளில் இத்தகைய தெளிவான தொடர்பு புலப்படவில்லை.

இத்தகைய முரண்பாடுகளுக்குப் பல காரணங்கள் உள. ஒரு மாற்றுரு ஒரு மக்களிடம் மிகுதியாகவும் மற்றொரு மக்களிடம் அரிதாகவும் இருக்கலாம். அரிதாயின் அதன் விளைவைக் காண மிகப் பெரிய தொகையினரை ஆராய வேண்டும். உடல் எடை, தொழில், அமரும் பழக்கம் ஆகியன மரபணுவின் விளைவை மிகுக்கவோ குறைக்கவோ செய்யலாம். நோயை வரையறுக்கும் முறையும் வேறுபடுகின்றது. எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு கணிப்பதும், வலியைக் கொண்டு கணிப்பதும் ஒரே நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை.

மற்றொரு காரணம் சிறிது நுட்பமானது. ஆய்வுகளில் அகப்படுவது பல வேளைகளில் நோயை விளைவிக்கும் மாற்றமன்று; அதன் அருகில் இருந்து அதனுடன் சேர்ந்தே தலைமுறைதோறும் கடத்தப்படும் ஓர் அடையாளக் குறியே. கோயிற் கோபுரத்தை அடையாளமாகச் சொல்லி, அதனருகில் உள்ள ஒரு வீட்டைத் தேடச் சொல்வதைப் போன்றது இது. அவ்வூரில் அடையாளம் தவறாது. வேறோர் ஊரிலும் கோபுரம் இருக்கும்; ஆனால் தேடும் வீடு அதன் பக்கத்தில் இராது. மக்கட் பிரிவுகளின் வரலாறு வேறுபடுவதால், குறிக்கும் காரணத்திற்கும் உள்ள இவ்வண்மை எங்கும் ஒரே விதமாய் அமைவதில்லை.

பெருந்தொகை ஆய்வுகள்

ஒவ்வொரு மரபணுவாக ஐயுற்றுத் தேடிய காலம் கடந்து, இப்போது முழு மரபுத் தொகுதியும் ஒருங்கே துருவப்படுகின்றது. பிரிட்டனில் 7,410 நோயாளிகளை ஆராய்ந்த குழு 2012-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. 2019-இல் 77,052 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 64 இடர்க்குறிகளைக் கண்டது. ஒன்பது மக்கட் தொகுதிகளைச் சேர்ந்த 8,26,690 பேரை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு 2021-இல் 100 குறிகளை அறிவித்தது. 2025-இல் வெளிவந்த ஆய்வில் நோயாளிகள் 4,89,975 பேர். நோயற்றோரும் சேர்ந்து மொத்தம் 19,62,069 பேர். இதில் 962 தொடர்புகள் கிடைத்தன. அவற்றுள் 513 முன்னர் அறியப்படாதவை.

இவற்றிலிருந்து தெரியவருவது யாது? சாதாரண மூட்டுத் தேய்வு நோய்க்கு ‘ஒரு மரபணு’ இல்லை. நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள், ஒவ்வொன்றும் இடரை அணுவளவு உயர்த்தியோ தாழ்த்தியோ, ஒன்று சேர்ந்து செயற்படுகின்றன. சில மூட்டின் வடிவத்தையும், சில குருத்தெலும்பின் ஆக்கத்தையும், சில உடல் எடையையும் சார்ந்தவை. எடையை உயர்த்தும் ஒரு மரபணு, எடையின் வாயிலாகவே முழங்காலைப் பாதிக்கின்றது. அங்கு மரபணுவின் விளைவையே உணவாலும் உழைப்பாலும் ஓரளவு தணிக்கலாம்.

இப்பேராய்வுகளில் பங்கு கொண்டோர் பெரும்பாலும் ஐரோப்பிய மரபுவழியினர் என்பது மறக்கலாகாத குறை. குறிகளையெல்லாம் கூட்டி ஒருவருக்கு ‘மரபிய இடர் மதிப்பெண்’ வழங்கும் முறை இன்று பல நோய்களுக்கு வகுக்கப்படுகின்றது. ஐரோப்பியரைக் கொண்டு வகுத்த இத்தகைய மதிப்பெண்கள் பிற மக்களிடம் துல்லியம் குன்றுகின்றன என்பது பல நோய்களிலும் கண்ட உண்மை. அளவுகோல் தவறானால், அதனால் அளந்த இடரும் தவறாகும்.

மக்களிடை வேறுபாடெல்லாம் மரபணு வேறுபாடன்று

இதற்கு மறுபுறமும் உண்டு. இரு மக்களிடையே நோயின் அளவு வேறுபட்டால், அவ்வேறுபாடு பிறவிக் குணத்தால் வந்தது என உடனே முடிவு கட்டிவிடுதல் தவறு. சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 60 வயதிற்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, அமெரிக்காவின் வெள்ளை மக்களுடன் ஒப்பிட்டபோது, இடுப்பு மூட்டு நோய் சீனரிடம் 80 முதல் 90 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் முழங்கால் நோயோ பெய்ஜிங் பெண்களிடம் அமெரிக்கப் பெண்களைவிட மிகுதியாகக் காணப்பட்டது. சீனர் உடல் எடையிற் குறைந்தவராயிருந்தும் முழங்காலில் நோய் மிகுந்தது, ஆய்வாளரின் கவனத்தைப் பழக்கவழக்கங்களின்பால் திருப்பிற்று. இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தி அமர்ந்தவர்களிடம் முழங்கால் நோய் மிகுதி என 2004-இல் அக்குழுவினர் அறிவித்தனர்.

ஜப்பானின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்குக் கைக்குழந்தைகளின் கால்களை நீட்டி இறுகச் சுற்றும் வழக்கம் இருந்தது. அதனால் இடுப்பு மூட்டு விலகும் குழந்தைகள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்தனர். 1975 முதல் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு தாய்மாருக்கு நாடெங்கும் அறிவுரை வழங்கப்பட்டது; பின்னர் அத்தொகை 0.2 சதவீதத்திற்கும் கீழே இறங்கிற்று. மரபணுக்கள் சில ஆண்டுகளில் மாறிவிடவில்லை. குழந்தையைச் சுற்றும் முறையே மாறிற்று.

மலைநாட்டின் ஹந்திகோடு நோய்

மேற்கூறியதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே உண்டு. 1970-களின் நடுவில் கர்நாடக மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டம், சாகர வட்டத்திலுள்ள ஹந்திகோடு என்னும் சிற்றூரில், இடுப்பிலும் முழங்காலிலும் வலி கண்டு நடக்க இயலாதவர் பலர் காணப்பட்டனர். இளம் வயதினரும் அவருள் இருந்தனர்; சிலர் குறுகிய உருவினராயிருந்தனர். வயல்களில் தெளித்த பூச்சி மருந்து நண்டிலும் மீனிலும் சேர்ந்து, அவற்றை உண்டோரைத் தாக்கியிருக்கலாம் என முதலில் ஐயுறப்பட்டது. பின்னர்க் குடும்பங்களின் வமிசாவளியை வரைந்து ஆராய்ந்தபோது, நோய் தலைமுறை தலைமுறையாக இறங்குவது புலனாயிற்று. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பினும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இருபாதியில் ஒருபாதி வாய்ப்பாக இது கடத்தப்படுகின்றது. தமக்குள்ளேயே மணஉறவு கொள்ளும் சமூகங்களுள் இது அடங்கி நின்றதன் காரணமும் அதுவே.

இது சாதாரண மூட்டுத் தேய்வு நோயன்று. எலும்பின் வளர்ச்சிக் குறைபாட்டால் மூட்டுகள் இளமையிலேயே சிதைவது. இத்தகைய அரிய, வலிய மரபணு மாற்றங்கள் பிற நாடுகளிலும் அறியப்பட்டுள்ளன. குருத்தெலும்பின் முதன்மைப் புரதமாகிய இரண்டாம் வகைக் கொலாஜனில் ஒரேயோர் எழுத்து மாறியதால், ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் இளவயதிலேயே மூட்டுகள் தேய்ந்தன என 1990-இல் அறிவிக்கப்பட்டது. ஐஸ்லாந்தில் இடுப்பு மூட்டு நோய்க்கு இடர் மிகத் தரும் இரு அரிய மாற்றங்கள் 2017-இல் கண்டறியப்பட்டன. பல சிறு குறிகள் சேர்ந்து விளைவிக்கும் பொது நோயையும், ஒரே மாற்றத்தால் விளையும் இவ்வரிய நோய்களையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

இந்தியாவில் செய்ய வேண்டியது

ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய ஐந்திடங்களைச் சார்ந்த மக்களிடையே நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, முழங்கால் நோய் 28.7 சதவீதத்தினரிடம் இருந்ததாகக் கண்டது. நோய் இவ்வளவு பரவியிருந்தும், அதன் மரபியலை அறிய இங்கு நடந்தவை பெரும்பாலும் சில நூறு பேரைக் கொண்ட சிறு ஆய்வுகளே. நம் மக்களோ ஒரே தன்மையினர் அல்லர். பல நூற்றாண்டுகளாக அகமண வழக்கத்தால் பிரிந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான பிரிவுகள் இங்குள்ளன. தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட பிரிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, அவற்றுள் 81 பிரிவுகள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகியவை எனக் காட்டிற்று. அரிய மாற்றங்கள் அத்தகைய பிரிவுகளில் திரண்டு நிற்க வாய்ப்பு மிகுதி.

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் இத்துறையில் ஓர் அடித்தளம் அமைத்துள்ளது. 83 மக்கட் பிரிவுகளைச் சேர்ந்த 9,772 பேரின் மரபுத் தொகுதி ஆராயப்பட்டு, அவ்விவரங்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. எனினும், எம்மக்களிடம் எவ்வேறுபாடு எவ்வளவு உண்டு என்பதையே இப்பட்டியல் கூறும். எது மூட்டு நோயை விளைவிக்கும் என்பதை அறிய, எக்ஸ்-கதிர்ப் படமும் எடையும் தொழிலும் முறையாகப் பதிவு செய்யப்பட்ட நோயாளிகள் பல்லாயிரவர் வேண்டும். அப்பதிவின் தொடக்கம் களப் பணியாளரின் ஏட்டிலேயே உள்ளது.

பணியாளரும் ஆசிரியரும் கருத்திற் கொள்ள வேண்டியவை

தாய்க்கு நோய் இருப்பின் மகளுக்கு இடர் சற்று மிகுதி என்பது உண்மை. அது விதியன்று, எச்சரிக்கையே. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் நடந்து 1992-இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ 5 கிலோகிராம் எடை குறைத்த பெண்களிடம் வலியுடன் கூடிய முழங்கால் நோய் தோன்றும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்தது. உடல் எடையில் ஒரு கிலோகிராம் குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் சுமை 4 கிலோகிராம் குறையும் என 2005-இல் கணக்கிடப்பட்டது. குடும்பத்தில் நோயுள்ளவரே இவ்வறிவுரையை முதலிற் கேட்க வேண்டியவர். தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும், நெடுநேரம் குந்தி அமரும் வேலையை இடைவிட்டுச் செய்வதையும் அவருக்குப் பழக்க வேண்டும். கைக்குழந்தைகளின் கால்களை நீட்டி இறுகக் கட்டலாகாது என்பதைத் தாய்மாருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

சிறுவரிடமோ இளைஞரிடமோ இடுப்பு வலியும் நடைக் குறையும் காணப்பட்டால், அதிலும் உறவினர் பலருக்கு அவ்வாறே இருந்தால், வயதானோர் நோய் என ஒதுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். குடும்ப விவரத்தையும் எழுதி உடன் கொடுத்தல் நன்று. அக்குடும்பத்தைப் பழித்தோ அஞ்சியோ விலக்குவதற்கு அவ்விவரம் கருவியாகாதபடி காப்பதும் பணியாளரின் கடமை.

சாதாரண மூட்டுத் தேய்வு நோயை முன்கூட்டிச் சொல்லும் மரபணுச் சோதனை எதுவும் இன்று மருத்துவ நடைமுறையிற் பரிந்துரைக்கப்படவில்லை. இத்தகைய சோதனையை விற்க முன்வருவோரிடம், “இது எம்மக்களை ஆராய்ந்து வகுக்கப்பட்டது?” என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்களுக்கு ஊட்ட வேண்டும். அதற்குரிய நேர்மையான விடை நம் நாட்டிலிருந்தே கிடைக்கும்வரை, எடையையும் தசை வலிமையையும் பேணுவதற்கான அறிவுரை எல்லா மரபுவழியினருக்கும் ஒருங்கே பொருந்துவதாகும்.